ரங்கத்தோடு நின்றால் போதுமா?

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். 1,224 கோடி ரூபாய்த் திட்டம். 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் பிரதமர் தொடங்கிவைத்தார். அதுவரை செயற்கைக்கோளின் தயவில் கிடந்த தீவுகளுக்கு இது பெரிய காரியம்தான். குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் அந்தக் கேபிள் கரையேறிய இடங்களைப் பாருங்கள்: 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேர், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத். வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தர் அந்த வரிசையில் இல்லை. ரங்கத்திலிருந்து இன்னும் சுமார் 70 கிலோமீட்டர் சாலை.

மலையும் ஈரக் காடும் சிக்னலை விழுங்கும். மேட்டில் நிற்பவனுக்குக் கிடைப்பது பள்ளத்துக் குடிசைக்கு வராது. ஊருக்குப் பேசுவதற்கு மட்டுமா போன்? கூலிக் காசை வீட்டுக்கு அனுப்பவும் அதுதான், வங்கி அனுப்பும் ஓடிபி வருவதும் அதில்தான். அமைப்புசாராத் தொழிலாளருக்கென்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் தானே பதிவுசெய்துகொள்ளவும் ஆதாருடன் இணைந்த போனில் ஓடிபி வர வேண்டும். சர்க்கார் தன் வாசலை போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. சிக்னல் இல்லாதவனுக்கு அந்த வாசல் அடைத்த வாசல்.

இந்த இடத்தில்தான் பூஸ்டர் வியாபாரி வருகிறான். கூரைமேல் ஒரு ஆன்டெனா, நடுவில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா. வெளியே வரும் மெலிந்த சிக்னலைப் பெருக்கி உள்ளே தருவது ரிப்பீட்டர். இல்லாத சிக்னலை அது உண்டாக்காது. இரண்டு ஆன்டெனாவும் நெருங்கிவிட்டாலோ, திருவிழா மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்ததுபோல் ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளை நம் காதில் விழாது. டவரின் காதில் விழும். ஒரு வீட்டுக்கு வசதி, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பேச்சு அறுந்துபோகும்.

ஆகவே சட்டம் தடுப்பதில் நியாயம் உண்டு. அனுமதியற்ற வானொலிக் கருவியை வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குற்றம், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் குற்றம். லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் ரிப்பீட்டரை விற்கவோ வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாதென்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் மீண்டும் அறிவித்தது. ஆன்லைன் கடைகளையும் எச்சரித்தது. நம் உறுப்பினர்கள் யாரும் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். காசும் போகும், வழக்கும் வரும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ரிப்பீட்டர் வைக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும்தான் என்றால், வைக்க வேண்டிய கடமை யாருக்கு? உரிமை ஒருவனுக்கு, இருட்டு இன்னொருவனுக்கு என்பது எந்த ஊர் நியாயம்? காசில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனிகளின் கணக்கிட்ட வருவாயில் 5 விழுக்காடு, தொலைதூர ஊர்களுக்கென்றே ஒரு நிதிக்குப் போகிறது. கடல் கேபிளைப் போட்டதும் அந்த நிதிதான். 2024 முதல் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நாம் ரீசார்ஜ் செய்யும் காசும் அதில் கலந்திருக்கிறது.

தொடர்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லது. ஆனால் ஊர் முனையில் இரண்டு கோடு தெரிந்தாலே ‘தொடர்பு பெற்ற ஊர்’ என்று எழுதிவிட்டால், பள்ளத்து வீடுகள் எந்தக் கணக்கிலும் வராமல் போகும். அந்த வீடுகளுக்குப் புதிய பெரிய டவர் தேவையில்லை. கம்பெனியே முறைப்படி வைக்கும் ரிப்பீட்டரோ சிறு டவரோ போதும். சிக்னல் அறவே எட்டாத மடிப்புகளில் சிறு டவர்தான் வழி. அதற்கு ரங்கத்திலிருந்து வரும் இணைப்பும் தடியாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் சிக்னல் எங்கெங்கு எட்டுகிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டுமென்று டிராய் 2024இல் விதி செய்திருக்கிறது. நமக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் இது. கோஷத்தைவிட நல்ல ஆயுதம் என்றும் சொல்வோம். தோழர்கள் அந்த வரைபடத்தோடு வீடு வீடாகப் போங்கள். வர்ணம் பூசியிருக்கும் இடத்தில் வீட்டுக்குள் பேச முடிகிறதா என்று பார்த்து, வங்காளியர், கரேன், ராஞ்சிக்காரர் என்று பாராமல் எல்லார் வீட்டையும் எழுதுங்கள். கம்பெனியிடம் புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடுதான் மாயாபந்தர் டெப்டி கமிஷனர் அலுவலகத்துக்குப் போகப்போகிறோம்.