பெயர் சரி, கதவு எண் மாறிவிட்டது!

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அதுவரை சிட்டையிலும் பேரேட்டிலும் கணக்கெழுதி வந்த நம்மில் பலர் கம்ப்யூட்டருக்கு மாறினோம். காமயகவுண்டன்பட்டியில் இன்று கல்லாவுக்கு ஒன்று, கிட்டங்கிக்கு ஒன்று என வைத்திருக்கும் மளிகைக் கடைகள் உண்டு. கணக்கு முழுவதும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும்; மற்றது அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். ஒரேயடியாகக் கெட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, புதிதாக வாங்கிவிடலாம். நான்கு நாள் ஒழுங்காக ஓடி ஐந்தாம் நாள் காலையில் "சர்வரைக் காணவில்லை" என்று சொல்லும் வியாதிதான் வியாபாரியின் உயிரை எடுக்கிறது.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போக வேண்டிய பருப்பும் எண்ணெயும் லாரியில் ஏறி நிற்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு ரூ.50,000-க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும். (நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை கொடுத்து வைத்தது, பச்சைப் பழத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.) இ-வே பில்லுக்கு முதலில் நம் பில் வேண்டும். கல்லா கம்ப்யூட்டரோ கிட்டங்கி கம்ப்யூட்டரைத் தெரியவே தெரியாது என்கிறது. டிரைவர் இரண்டு மணி நேரம் திட்டிக்கொண்டே காத்திருந்தார். வந்த மெக்கானிக், "அண்ணே, பழைய பெட்டி, போயிருச்சு. புதுசு எடுத்திருங்க" என்றார். ஒயரையும் மாற்றச் சொன்னார். ஒயர் மாற்றினோம், காசும் கொடுத்தோம். அடுத்த வாரம் மின்தடை முடிந்ததும் மறுபடி அதே கதை.

மின்தடைக்குப் பிறகுதான் வருகிறது என்பதை மெக்கானிக் கவனிக்கவில்லை. கடைப் பையன் கவனித்தான். குட்டு அங்கேதான் உடைந்தது.

கம்ப்யூட்டருக்கு நாம் வைக்கும் பெயர் நமக்காகத்தான். அவை ஒன்றையொன்று தேடிப் போவது 192.168.1.5 என்பது போன்ற எண்ணை வைத்து. பெயருக்கு எந்த எண் என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் கல்லா கம்ப்யூட்டரில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு பட்டியலில் "கிட்டங்கி என்றால் 5" என்று முன்னொரு காலத்தில் யாரோ கையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் எண்களைப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டர். கரண்ட் போய் வந்தால் எங்கள் ரவுட்டர் பழைய பங்கீட்டை மறந்துவிடும். பேட்டரியில் ஓடும் கைப்பேசிகள் முதலில் வந்து எண் வாங்கிக்கொள்ளும். மெதுவாக எழுந்து வரும் கிட்டங்கி கம்ப்யூட்டருக்குச் சில நாள் 5 கிடைக்கும், சில நாள் 7. 5 கிடைத்த நாளில் வியாபாரம். 7 கிடைத்த நாளில் நாங்கள் யாரோ ஒருவருடைய கைப்பேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்!

இது நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. இன்டர்நெட்டின் மூதாதையான அர்பாநெட்டிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில்தான் இருந்தன. அமெரிக்காவில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் தலைமையிலான அலுவலகம் அதைப் பராமரித்தது. பெயர் சேர்க்க அலுவலக நேரத்தில் போன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அந்தப் பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்ற முறையை வகுத்தார். பெயர் கேட்டால் எண் சொல்லும் வேலையைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்வது அந்த முறை. இன்றும் உலகம் அதில்தான் ஓடுகிறது.

எனவே என் கருத்து இதுதான்: மெக்கானிக் புதுப் பெட்டி வாங்கச் சொன்னால், வாங்கும் முன் நம் கண் எதிரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கல்லா கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் 'பிங்' என்று அடித்து, இடம் விட்டு, கிட்டங்கி கம்ப்யூட்டரின் பெயரை அடித்தால், அது எந்த எண்ணைத் தேடிப் போகிறது என்று காட்டும். கிட்டங்கியில் 'ஐபிகான்ஃபிக்' அடித்தால் அதன் உண்மையான எண் தெரியும். இரண்டும் வேறுவேறாக இருந்தால் பெட்டியிலும் குற்றமில்லை, ஒயரிலும் குற்றமில்லை. ரவுட்டருக்குள் போய், அந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த எண் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். பல ரவுட்டர்களில் இதற்கு வசதி உண்டு. எங்கள் கடையில் பத்து நிமிட வேலை. செலவு, ஒரு டீ.

பெயர்களுக்கென்றே தனி சர்வர் வைத்திருக்கும் பெரிய மொத்த வியாபாரிகளுக்கு வேறொரு கண்ணி உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது டி.என்.எஸ். ஆக 8.8.8.8 என்ற வெளியாளைப் போட்டுவிடுவார்கள். உள்ளூர் சர்வர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் கம்ப்யூட்டர் வெளியாளைக் கேட்கும். நம் கிட்டங்கியை அவருக்கு எப்படித் தெரியும்? "அப்படி ஒருவரும் இல்லை" என்பார். கம்ப்யூட்டர் அதையும் நம்பிவிடும். சிறிது நேரத்தில் தானே சரியாகவும் ஆகிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கையில் கோளாறே இருக்காது.

பெயரே வேண்டாம், எல்லா இடத்திலும் எண்ணையே போட்டுக்கொள்ளலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெட்டியை மாற்றும் நாளில் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வரும், ஒன்றையாவது விட்டுவிடுவோம்.

எனக்கு மெக்கானிக் தம்பிகள்மேல் கோபமில்லை. வந்தவர் என்ன மாற்றினார் என்று ஒரு வரி எழுதி வாங்காத நம்மேல்தான் கோபம். கடனுக்குப் போன கால் கிலோ புளியைக்கூடக் குறித்து வைக்கும் நாம், ரவுட்டரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் கடை நடத்துகிறோம். கம்ப்யூட்டரின் பெயர், எண், ரவுட்டரின் கடவுச்சொல், கடைசியாகக் கைவைத்தவர், தேதி — இவ்வளவும் ஒரு நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டு பூட்டிய மேஜையில் இருக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் அரை மணி ஒதுக்கினால், எங்கள் கடைப் பையனையே அழைத்து வந்து அந்தச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டச் சொல்கிறேன்.