பல்லவியில் ஒரு 'ல்' உதைக்கிறது

புனேயில் எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள், ஒரு ஜமுக்காளம், செல்போனில் சுருதி. போன மாதம் வகுப்பு முடிந்து வந்த என் மகள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அப்பா, பல்லவின்னா என்ன தெரியுமா? ப-ன்னா பதம், ல-ன்னா லயம், வி-ன்னா விந்நியாசம். மூணும் சேர்ந்ததுதான் பல்லவி!"

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதை ஒரு மராட்டிப் பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயரே பல்லவி. அவள் சிரித்துவிட்டு, "என் பேர் ஒண்ணும் சுருக்கெழுத்து இல்ல. புதுத் தளிர்னு அர்த்தம். எங்க ஆஜி சொல்லியிருக்காங்க" என்றாளாம். சாயந்திரம் என் மகள் கேட்டது ஒரே கேள்விதான். "யாருப்பா கரெக்ட்?"

சந்தேகமே இல்லை, அந்த ஆஜிதான் கரெக்ட்.

வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். தமிழ் அகராதியைப் புரட்டினாலும் அதே பொருள்தான் கிடைக்கும். (என் வயதுக்காரர்களுக்குப் பல்லவன் என்றால் சென்னை டவுன் பஸ்தான் ஞாபகம் வரும், அது வேறு.) மராட்டியில் 'பாலவி' இன்னும் உயிரோடு இருக்கும் சொல். சித்திரையில் மரமெல்லாம் துளிர்ப்பதை 'சைத்ர பாலவி' என்கிறார்கள். பாட்டில் முதலில் தலைநீட்டுவது பல்லவி. அதைத் தொடர்ந்து வருவது அனுபல்லவி. அப்புறம் சரணம், அதாவது பாதம். தளிரில் தொடங்கிப் பாதத்தில் முடிக்கிறோம். இந்திக்காரர்கள் சினிமாப் பாட்டின் தொடக்கத்தை 'முக்டா', அதாவது முகம் என்கிறார்கள். எவ்வளவு அழகான விஷயம்! இதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ப, ல, வி என்று மாத்திரை கொடுத்தால் எரிச்சல் வராதா?

அந்த மாத்திரையிலாவது கணக்கு சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பதம், லயம், விந்நியாசம், முதலெழுத்துகளைக் கூட்டிப் பாருங்கள். 'பலவி' வரும். பல்லவி வராது. ஒரு 'ல்' உதைக்கிறது. 20 வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிறேன், ஒரு ரூபாய் உதைத்தாலே சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இங்கே முழுசாக ஒரு மெய்யெழுத்தையே காணோம், யாரும் கேட்கவில்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

எழுத்தைப் பிரித்து விளையாடினால் அதுதான் மூலம் என்றால், எனக்கும் விளையாடத் தெரியும். ப, ல், ல, வி. இதே நாலு எழுத்தை மாற்றி அடுக்குங்கள்: 'பல வில்'. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை, பக்காவாக டேலி ஆகிறது! ஆகவே பல்லவி என்பது நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்கள் பல வில்களோடு கூடி உண்டாக்கிய சொல். இல்லை, வயலின் வில்தான் என்று யாராவது வாதாடினால், வயலின் நம் கச்சேரிக்கு வந்தே சுமார் 200 வருஷம்தான் ஆகிறது, பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வந்தது என்று சொல்லி ஜெயித்துவிடுவேன். முழுப் பொய். ஆனால் பதம்-லயம்-விந்நியாசத்தைவிடக் கணக்கு சுத்தமான பொய் :)

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ராகம் தானம் பல்லவியில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதை நிரவல் செய்து, காலம் மாற்றி, தாளக் கணக்கு பிசகாமல் விரிப்பார்கள். சொல், லயம், விரிவு மூன்றும் அங்கே நிஜமாகவே உண்டு. அதில் கெட்டிக்காரர்களைப் பல்லவி கோபாலய்யர், பல்லவி சேஷய்யர் என்று பட்டம்போலவே அழைத்திருக்கிறார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ள இந்தச் சூத்திரம் ரொம்ப வசதி. ஞாபகச் சூத்திரம் என்று சொல்லிக் கொடுங்கள், கும்பிடுகிறேன். பிறந்த கதை என்று சொல்லாதீர்கள்.

இதே கோஷ்டிதான் பாவம், ராகம், தாளம் சேர்ந்து பரதம் என்கிறது. அந்த மூன்றும் நெடிலில் தொடங்குகின்றன, பரதத்தில் மூன்றுமே குறில். நாட்டிய சாஸ்திரம் எழுதியதாகச் சொல்லப்படும் பரத முனிவரை என்ன செய்வது, அவர் பெயரும் சுருக்கெழுத்தா? தாண்டவமும் லாஸ்யமும் சேர்ந்து தாளம் என்பார்கள். தமிழில் அது 'ள' என்று யாராவது சொல்லுங்களேன். நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் சேர்ந்து நியூஸ் என்று சின்ன வயதில் நம்மை ஏமாற்றினார்களே, அதே சரக்கு. எங்கள் ஆபீசில் நெஃப்ட், ஐஎஃப்எஸ்சி என்று சுருக்கெழுத்துதான் சோறு போடுகிறது. அதற்கெல்லாம் சுற்றறிக்கை உண்டு, தேதி உண்டு. பல்லவிக்கு யார் சுற்றறிக்கை அனுப்பினார்கள்?

"இதனால யாருக்கு சார் நஷ்டம்?" என்று பக்கத்து பிளாக் நண்பர் கேட்டார். ஊரில் இருந்தால் நஷ்டம் குறைவுதான். அங்கே பிள்ளைகள் பல்லவி என்ற சொல்லைப் பத்து இடத்தில் கேட்கும். டீக்கடையில் "பழைய பல்லவியையே பாடாதய்யா" என்று ஒருவர் அலுத்துக்கொள்வார், சபாவில் ஒருவர் தொடையில் தாளம் போடுவார். தமிழிசைப் பக்கம் போனால் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்ற சொற்களும் காதில் விழும். இங்கே என் மகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் கொடுப்பதுதான் அவளுக்குத் தெரிந்த மொத்த ஊர். அதை நம்பி வெளியே எடுத்துப் போனாள், சிரித்தார்கள். இப்போது வகுப்பில் கற்றதை யாரிடமும் சொல்வதில்லை.

பாட்டு டீச்சரிடம் தன்மையாகப் பேசினேன். நல்ல மனுஷி, குரலும் அருமை. "எங்களுக்கு இப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். போன ஞாயிறு என் மகளே எழுந்து, "மிஸ், அந்த இன்னொரு 'ல்' எங்கே?" என்று கேட்டுவிட்டாள். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று பதில் வந்ததாம்.

எங்கள் கிளையில் கடன் பாக்கிக்காரர்கள் பாடும் பல்லவியும் இதேதான்.