திறந்த குழி, திறந்த அண்டா!

ஆரணிக்குப் பக்கத்தில் புலவன்பாடி என்று ஒரு கிராமம். 2013-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந்தேதி, சனிக்கிழமை. அன்று அந்த ஊரில் 4 வயதுச் சிறுமி ஒருத்தி ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து விட்டாள்.

ஊரே திரண்டது. தீயணைப்புப் படை வந்தது. போலீசார் வந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பள்ளம் தோண்டினார்கள். பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு சிறுமியை மேலே கொண்டு வந்தார்கள். ஆனால், அவள் உயிர் பிழைக்கவில்லை.

பட்டுக்குப் பெயர் பெற்ற ஆரணி அன்று கண்ணீரால் நனைந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2015 ஏப்ரல் மாதம் ஆற்காடு அருகே இதே போல ஒரு சிறுவன் பலியானான். 2019 அக்டோபர் 25-ந்தேதி மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுச் சிறுவன் விழுந்தான். தமிழ்நாடு முழுவதும் அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தனை செய்தது. 29-ந்தேதி அதிகாலையில் அவன் உடல்தான் கிடைத்தது.

ஏன் இப்படி? சட்டம் இல்லையா? காவல் இல்லையா? இதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

சட்டம் உண்டு

சட்டம் இருக்கிறது. 2010-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந்தேதியே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக உத்தரவு போட்டு விட்டது. அது என்ன சொல்கிறது?

போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட வேண்டும். யார் போர் போடுகிறார்கள், யாருடைய நிலம் என்று எழுதிய பலகை வைக்க வேண்டும். குழாயைச் சுற்றி சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் பற்ற வைத்தோ, கெட்டியான மூடியை மரை போட்டு முறுக்கியோ மூட வேண்டும். தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட கிணற்றை, அடியில் இருந்து தரை மட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும்.

தமிழக அரசும் 2015-ம் ஆண்டில் ஊராட்சிகளுக்கு என்று தனி விதிகள் கொண்டு வந்தது. கிணறு தோண்ட அனுமதி பெற வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்படி இருந்தும் குழி திறந்தே கிடப்பது ஏன்?

தண்ணீர் வராத கிணறு

காரணம் எளிது. தண்ணீர் வந்த கிணற்றில் மோட்டார் இறங்கும். குழாய் வரும். வாய் தானாக அடைபட்டு விடும். தண்ணீர் வராத கிணறுதான் அனாதை!

கடன் வாங்கி போர் போட்ட விவசாயிக்குக் கிடைத்தது புழுதி மட்டும். மனம் நொந்து போகிறார். இறக்கிய குழாயையாவது காப்பாற்றலாம் என்று அதை உருவி எடுத்து விடுகிறார்கள். இனி அந்தக் குழிக்கு ஒரு மூடி போடக் கூட அவருக்கு மனம் வருவது இல்லை. மேலே ஒரு சாக்கைப் போடுவார்கள். அல்லது ஒரு கல்லை வைப்பார்கள். புல் முளைக்கும். மழை பெய்யும். குழி இருப்பதையே பெரியவர்கள் மறந்து போவார்கள்.

குழியின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவுதான். "இதில் யார் விழப் போகிறார்கள்?" என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பெரியவர் விழ மாட்டார். நடக்கப் பழகிய குழந்தை விழும். அதன் உடம்பு அவ்வளவு சிறியது!

விழுந்த குழந்தையை எடுப்பது மலையைப் புரட்டும் வேலை. நடுக்காட்டுப்பட்டிச் சிறுவன் முதலில் சுமார் 26 அடி ஆழத்தில் இருந்தான். பிறகு இன்னும் கீழே சரிந்து விட்டான்.

பிழைத்த குழந்தைகளும் உண்டு. 2006 ஜூலையில் அரியானா மாநிலத்தில் ஒரு சிறுவனை ராணுவத்தினர் சுமார் 2 நாள் போராடி உயிருடன் மீட்டார்கள். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே விழுந்த 3 வயதுச் சிறுவனை, மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் தாம் உருவாக்கிய கருவி மூலம் உயிருடன் தூக்கினார். ஆனால், கருவி வரும் வரை குழந்தை தாங்குமா என்று யார் சொல்ல முடியும்? கருவியை விட மூடி மலிவு. மூடியை விட நிச்சயமானது எதுவும் இல்லை.

டெலிவிஷன் முன்னால் நடந்த சோகம்

இனி சொல்லப் போவது அதை விடப் பரிதாபம்.

நடுக்காட்டுப்பட்டிக் குழந்தையை மீட்கும் காட்சி டெலிவிஷனில் இரவும் பகலும் ஓடியது. தூத்துக்குடியில் ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் அதைக் கவலையோடு பார்த்துக் கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கும் 2 வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை எழுந்து குளியல் அறைக்குப் போனது. யாரும் கவனிக்கவில்லை. அங்கே இருந்த தண்ணீரில் விழுந்து மூழ்கி விட்டது!

அந்தப் பெற்றோரைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் பார்த்தது வேடிக்கை அல்ல. ஊரான் குழந்தைக்காக உருகிக் கொண்டு இருந்தார்கள். ஆனால், நம் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. எங்கோ இருக்கும் குழியை நாடே பார்க்கிறது. வீட்டில் இருக்கும் வாளியை யாரும் பார்ப்பது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-ம் ஆண்டில் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அது கூறுகிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்!

குழந்தைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்தால் தலைகீழாகக் கவிழும். திரும்ப எழத் தெரியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் போதும். சத்தம் போடாது; கூப்பிடாது. அடுத்த அறையில் இருக்கும் தாய்க்குக் கூடக் கேட்காது.

தறி வீட்டில் கவனம்

ஆரணியில் தறி வீடு என்பது வீடும் தொழிற்சாலையும் சேர்ந்தது. அப்பா தறியில் இருப்பார். அம்மா தார் சுற்றுவார். பாட்டி நூலைப் பிரிப்பார். எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால், எல்லோருடைய கண்ணும் இழை மேல் இருக்கிறது. இழை அறுந்தால் சேலை கெடும். அந்த நேரத்தில் தவழும் குழந்தை எங்கே?

குழித்தறி உள்ள வீட்டில், நெசவாளர் காலை வைத்து மிதிக்கும் குழி தரையிலேயே இருக்கிறது. வேலை முடிந்து எழுந்ததும் அதன் மேல் ஒரு பலகை போடுங்கள். பலகை நகராதபடி இருக்க வேண்டும்.

கச்சாப் பட்டில் உள்ள பசையைப் போக்க, சோப்பும் சோடாவும் கலந்த நீரில் அதைக் கொதிக்க வைப்பார்கள். சாயம் போடுவதற்கும் சுடுநீர் வேண்டும். அந்த அண்டா இருக்கும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போகவே கூடாது. இறக்கி வைத்த அண்டாவும் வெகு நேரம் சூடாக இருக்கும். சாயப் பொட்டலங்களும் சோடாவும் உயரத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

தூளியில் பச்சைக் குழந்தை தூங்குவது நம் வழக்கம். ஆனால், 5 வயது, 6 வயதுப் பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றிச் சுற்றி விளையாடுவது ஆபத்து. சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கி விடும். குழந்தை தூங்கி எழுந்ததும் தூளியை அவிழ்த்து மேலே கட்டி விடுங்கள்.

மண்எண்ணெய், ஆசிட், பூச்சி மருந்து ஆகியவற்றைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கலர் என்று நினைத்துக் குழந்தை குடித்து விடும்.

ஆபத்து வந்து விட்டால்?

முதல் உதவி என்பது டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்கும் கை. தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு செப்டம்பர் முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

தீப்புண், சுடுநீர்ப் புண்: புண் பட்ட இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பேனா மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தொண்டையில் அடைப்பு: வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு, பாசிமணி எல்லாம் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும். குழந்தை பலமாக இருமினால் இருமட்டும், தடுக்காதீர்கள். இரும முடியாமல், அழ முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால் உடனே செயலில் இறங்குங்கள். கைக்குழந்தையானால், தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் 5 முறை தட்டுங்கள். போகவில்லையா? மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, முதுகில் 5 முறை தட்டிய பிறகு, பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே இரு கையாலும் 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய் விடும். தொக்கம் எடுப்பவரைத் தேடி ஓட வேண்டாம். மூச்சு அடைத்த குழந்தைக்கு மிச்சம் இருப்பது சில நிமிடங்களே!

பொத்தான் பாட்டரி: பேசும் பொம்மை, மின்னும் பொம்மைகளில் சட்டைப் பொத்தான் போல ஒரு பாட்டரி இருக்கிறது. அதைக் குழந்தை விழுங்கினால், 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து போகலாம். வெளியே வந்து விடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மண்எண்ணெய் குடித்து விட்டால்: வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து விடும். எந்தப் பாட்டிலில் இருந்து குடித்ததோ, அந்தப் பாட்டிலையும் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

தண்ணீரில் மூழ்கிய குழந்தை: காலைப் பிடித்துச் சுழற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லை என்றால், தரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, முகவாயைச் சற்று உயர்த்தி, முதலில் 5 முறை மூச்சை ஊதுங்கள். சிறு குழந்தைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதுங்கள். மார்பு மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். மூச்சு வரும் வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும் வரை விடாதீர்கள். ஒருவர் இதைச் செய்யும்போது மற்றவர் 108-க்குப் பேசட்டும்.

ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தால்: உடனே 112 அல்லது 101-க்குப் போன் செய்யுங்கள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். வண்டி, டிராக்டர் எதையும் அருகே கொண்டு போகாதீர்கள், மண் சரியும். தாயோ தகப்பனோ குழந்தையோடு பேசிக் கொண்டே இருக்கட்டும்.

யார் மூடுவது?

ஒவ்வொரு குழந்தையும் பலியான பிறகு ஊர் ஊராகப் போய்க் கைவிட்ட கிணறுகளைத் தேடுகிறார்கள். சில வாரம் போனால் வேகம் தணிந்து விடுகிறது. அடுத்த குழந்தை விழும் வரை அமைதி!

இது மாற வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் எத்தனை போர் போட்டார்கள், எத்தனையில் தண்ணீர் வரவில்லை, அந்தக் குழிகளை மூடியாகி விட்டதா என்ற கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். போர் வண்டிக்காரர், மூடி போடாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மூடி போட்ட பிறகே மீதிப் பணம் என்று நிலத்துக்காரரும் கறாராகச் சொல்ல வேண்டும். இது அதிகாரிகளின் கடமை மட்டும் அல்ல. வயல் வழியாக நடந்து போகும் நீங்களும் திறந்த குழியைப் பார்த்தால், "நமக்கு என்ன?" என்று போகாதீர்கள். ஊராட்சித் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் வரும் வரை ஒரு பெரிய கல்லைப் புரட்டி மேலே வையுங்கள்.

தாய்மார்களே! தகப்பன்மார்களே! அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தரையில் உட்கார்ந்து, குழந்தையின் உயரத்தில் இருந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கைக்கு எட்டுவது எது? வாய்க்குள் போவது எது? கவிழ்வது எது? சுடுவது எது? குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அண்டாவையும் தொட்டியையும் மூடுங்கள். தறிக்குழிக்குப் பலகை போடுங்கள்.

ஒரு சேலை நெய்யப் பல நாள் ஆகிறது. அதில் ஓர் இழை அறுந்தால் முடிந்து விடலாம். குழந்தையின் மூச்சு அறுந்தால் முடிய முடியாது. குழியை மூடுங்கள், குழந்தையைக் காப்பாற்றுங்கள்!