130 டாலருக்கு வாங்கிய வேலி

சூப்பர்மேனைப் படைத்தோர் கிளீவ்லாந்து நகர இளைஞர் இருவர். ஜெரி சீகல் எழுதினார். ஜோ ஷூஸ்டர் வரைந்தார். 1938-இல் 130 டாலர் கொடுத்த பதிப்பகம், அப்பாத்திரத்தின் உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. வானொலி, தொலைக்காட்சி என இலாபம் குவிந்தது. ஷூஸ்டரோ பார்வை மங்கி வறுமையில் வாடினார். 1975-இல், கண்டனம் வலுத்த பின்னரே, நிறுவனம் தலா 20,000 டாலர் ஆண்டு ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயரும் அளித்தது. உரிமையை அளிக்கவில்லை.

ஒருவர் படைத்த பாத்திரத்தைப் பிறர் கையாள்வது திருட்டு என்போர் உளர். நம் கூத்துக் கலைஞன் கர்ணனாக ஆட எவரிடம் உரிமம் பெற்றான்? கதைகள் கைமாறியே வளர்கின்றன. சூப்பர்மேனைச் சுற்றி வேலியிட்டிருப்பது படைப்பாளி அல்லன்; ஒரு கோடும் வரையாத மூலதனம். 1998-இன் அமெரிக்கச் சட்டம் அவ்வேலியை 95 ஆண்டுகளாக நீட்டியது; முதற்கதை 2033 முடியும்வரை நிறுவனத்திற்கே.

இந்தியாவிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாற்று ஒப்பந்தம் இல்லையேல், ஊழியர் படைப்பின் முதல் உரிமையைப் பொதுவாக முதலாளிக்கே தருகிறது.

வரைந்த கைக்குப் பெயரும் இலாபத்தில் பங்கும் வேண்டும். பாத்திரம் விரைவில் மக்களுக்குப் பொதுவாக வேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டிற்கும் பகை ஒன்றே.