பவளத்தைப் பாடத்தில் சேருங்கள்

பொறியியல் மாணவர்களுக்குப் பாய்ம இயக்கவியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடநூல்களில் தண்ணீர் என்றால் குழாய், பம்பு, மதகு, அணை, இவ்வளவுதான். உயிருள்ள எதையும் அந்தத் தண்ணீர் தொடுவதில்லை. இது பெருங்குறை என்பேன்.

செங்கடலில் ஹெட்டெரோக்சீனியா என்றொரு மென்பவளம் இருக்கிறது. அந்தப் பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிற்றுயிரும், அதாவது பாலிப்பும், தன் எட்டுக் கரங்களையும், நாம் கைவிரல்களைக் குவித்து விரிப்பதுபோல, மூடித் திறந்துகொண்டே இருக்கும். பாறையோடு ஒட்டி வாழ்கிற உயிருக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு? இயற்கை அறிஞர் லமார்க் இந்த அசைவைக் குறித்துவைத்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின், 2013இல்தான் தெளிவான விடை வந்தது.

மாயா கிரெமியன், யூரி ஷாவிட், தாலி மாஸ், அமாட்சியா கெனின் ஆகிய ஆய்வாளர்கள் நீரோட்டத்தைப் படமெடுத்து அளக்கும் கருவியைக் கடலுக்குள்ளேயே இறக்கினார்கள். நீரில் மிதக்கும் துகள்கள் நகர்வதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார்கள். கரங்கள் நீரை மேல்நோக்கித் தள்ளின. ஒரு பாலிப் பயன்படுத்திய நீர் பக்கத்துப் பாலிப்புக்குப் போகவில்லை. பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசிகள் வெளிவிடும் ஆக்சிஜனையும் அந்த ஓட்டம் அகற்றியது. ஆக்சிஜன் தேங்கினால் ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் திறன் குறைந்துவிடும். அசையும்போது நிகர ஒளிச்சேர்க்கை, ஓய்வில் இருப்பதைவிடப் பத்து மடங்கு வரை உயர்ந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த சோதனை. சுற்றியுள்ள நீரில் வேண்டுமென்றே ஆக்சிஜனைக் கூட்டிப் பார்த்தார்கள். பவளம் அசைந்தும் பலன் குறைந்தது. ஒளிச்சேர்க்கை உயர்ந்ததற்குக் காரணம் ஆக்சிஜன் வெளியேறுவதுதான் என்று உறுதியாயிற்று. ஒரு கருத்தை இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

ஓட்டத்தில் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணை மாணவர்கள் ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். குழாயில் 2,000ஐத் தாண்டினால் சீரான ஓட்டம் குலையத் தொடங்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். இந்தக் கரங்களைச் சுற்றி அந்த எண் பத்து, இருபது என்ற அளவில்தான் இருக்கும். அது மிகவும் குறைந்து பாகுநிலையே ஆட்சி செய்தால், மூடும்போது தள்ளிய நீரில் பெரும்பகுதி திறக்கும்போது திரும்பிவிடும். மேல்நோக்கிய ஓட்டம் நிலைக்காது. அந்த எண்ணுக்குப் பொருள் என்ன என்பதை இதைவிட நன்றாக எந்தக் குழாயும் சொல்லித் தராது.

பாடத்திட்டக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான்: பாய்ம இயக்கவியலில் ஓர் அலகை உயிரினங்களுக்கு ஒதுக்குங்கள். உயிரியல் துறை ஆசிரியரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள்.