பாலைவனத்துக்குப் போய் சைக்கிளா?



ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் குளிர்காலம்தான் சைக்கிள் குழுக்களுக்கு சீசன். ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் வரை கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். மூன்று, நான்கு நாளில் நிதானமாக மிதித்துவிடலாம்.

"பாலைவனத்துக்குப் போய் சைக்கிளா? வேற வேலை இல்லையா?" என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள்தானே? நியாயமான பயம்தான். அதே வட்டாரத்தில் இருக்கும் பலோடியில் 2016 மே மாதம் வெயில் 51 டிகிரியைத் தொட்டது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் பகலில் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டை நனையாது. சென்னையிலிருந்து போகிறவர் தனக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் நல்ல குழுக்களில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க விடுவதில்லை. அவ்வப்போது நிறுத்தி, தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் குடிக்கச் சொல்வார்கள்.

அடுத்தது எதிர்காற்று. வெட்டவெளியில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. முதலில் போகிறவர்தான் காற்றை முழுசாக வாங்குகிறார்; ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குச் சிரமம் நன்றாகவே குறையும். முன்னால் போகிறவர் களைத்ததும் பின்னுக்கு வருவார், அடுத்தவர் முன்னே போவார். நம் வீட்டு அடுப்படிக்கும் இப்படி ஒரு முறை வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அப்புறம் முள். எப்போது பங்க்சர் ஆகும் என்று சொல்ல முடியாது. அனுபவசாலி ஒருவர் பம்ப், மாற்று ட்யூபோடு எல்லோருக்கும் கடைசியில் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது என்பது குழுவின் சட்டம்.

ஆக, இரும்பு உடம்பு வேண்டாம். பொறுப்பாக நடத்தும் குழு வேண்டும்.

நாளைக்கே உங்கள் மகளோ, ரிட்டையர் ஆன அப்பாவோ, 45 வயது மனைவியோ "நானும் போகட்டுமா?" என்று கேட்டால், "எதுக்கு?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். பின்னால் வண்டி வருமா? முதலுதவி தெரிந்தவர் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? பெண்களுக்குக் கழிப்பறை வசதி எப்படி?

கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது நம் பெண்களின் பழக்கம். பாலைவனத்தில் அது பேராபத்து.

பதில்கள் திருப்தியா? டாக்டரிடம் ஒரு செக்கப், சில வாரங்கள் பயிற்சி, அப்புறம் சந்தோஷமாக வழியனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே கிளம்புங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்