மலிவான அறை, வற்றிய அருவி

குற்றாலத்தில் பாதி வாடகைக்கு அறை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், சகோதரிகளே, உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள்! "இது எந்த மாதம்?" என்று முதலில் கேளுங்கள்.

சித்திரைக் கடைசியில் நாங்கள் நான்கு சிநேகிதிகள் கிளம்பினோம். விடுதி மலிவுதான், குழாயில் வந்தது காற்றுதான். பேரருவியோ பாறையில் நூல் போல ஒழுகிற்று. "யார் சொன்ன யோசனை இது?" என்று ஆரம்பித்த பேச்சு, ராத்திரிச் சாப்பாட்டில் மௌனமாக முடிந்தது. இருபது வருஷத்துச் சிநேகம்! யோசனை சொன்னவள் நான்தான்.

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவந்தால்தான் குற்றாலத்தில் சீசன். கோடையில் மலைமேல் திடீர் மழை பெய்தாலோ ஆபத்து. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று.

மறுநாள் பஸ் ஏறிப் பாபநாசம் போனோம். மேலே அணை இருப்பதால் அங்கே அகஸ்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் உண்டு. குளித்துவிட்டுத் தாமிரபரணிக் கரையில் நின்றபோது, முதல் நாள் முகம் கொடுக்காதவளே என் தலையைத் துவட்டிவிட்டாள்.

வாடகையில் மிச்சம் பிடியுங்கள், தப்பில்லை. ஆனால் பருவத்தை விசாரிக்காமல் சிநேகிதிகளை அழைத்துப் போகாதீர்கள்!